சொன்னதும் பொய்யான மெய்

தமுக்கடிக்கும் சடையாண்டி வாயில் பொய்யே வராது என்று ஊரே சொல்லும். ஜமீன்தாருக்கு அது உறுத்தியது. உச்சிவெயிலில், சந்தை நடுவே அவனை நிறுத்தி மீசையை முறுக்கினார்.

"ஏலே, ஒரு மெய்யைச் சொல்லு. சொல்லி முடிச்சதும் அது பொய்யாகணும். இல்லேன்னா குடும்பத்தோட ஊரைவிட்டு விரட்டிருவேன்."

சடையாண்டி எஜமான் முகத்தைப் பார்த்தான். வியர்வையில் மீசையின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. மூன்று தரம் தமுக்கை அடித்தான்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எஜமானுக்கு இருப்பது ஒட்டு மீசை என்பது, அவரையும் என்னையும் தவிர இந்தச் சந்தையில் ஒருத்தருக்கும் தெரியாது."

ஜமீன்தார் பதறி இரண்டு கையாலும் மீசையைப் பிடித்தார். பிடித்த பிடியில் பாதி கையோடு வந்தது. கத்தரிக்காய் விற்றவள்தான் முதலில் சிரித்தாள்.

"சொல்லும்போது மெய், எஜமான். இப்போ பொய்யாப் போச்சு" என்றான் சடையாண்டி.

அவனை விரட்டச் சொல்லி ஜமீன்தார் கை காட்ட வேண்டும். கையை எடுத்தால் மீசை விழுந்துவிடும்.