மகாலட்சுமியைப் பூட்டி வைத்த ராஜா

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் பேச்சையே வேதமாக நம்புகிறவன். அதனால் அரசவையில் கடைசியாகப் பேச எல்லோரும் முட்டி மோதிக்கொள்வார்கள். மந்திரி ஆவுடையப்பர் மட்டும் முதலில் பேசிவிட்டுப் பிறகு முழிப்பார்.

அன்று அவர் பேசியது பெரிய ஏரியைப் பற்றி. முப்பது ஊருக்குச் சோறு போடும் ஏரி. அதன் கரை உடைந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் வருகிற தண்ணீரெல்லாம் ஓடிப்போகும், முப்பது ஊரும் பட்டினி கிடக்கும். மண் சுமக்கிறவர்களுக்குக் கூலி வேண்டும் என்றார். ராஜா தலையாட்டினான். ஆட்டிய தலை நிற்பதற்குள் பொக்கிஷக் காவலர் தனகோபாலர் எழுந்துவிட்டார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"மகாராஜா, விளக்கு வைக்கும் நேரத்தில் முன்வாசலைத் திறக்கிறோம், கொல்லைக் கதவைச் சாத்துகிறோம். எதற்கு?"

"இதென்ன கேள்வி? முன்னால் வரும் மகாலட்சுமி பின்னால் போய்விடக் கூடாதென்றுதான்."

"சரி. வந்தவள் அதே முன்வாசல் வழியாகத் திரும்பிப் போய்விட்டால்?"

ராஜா சிங்காசனத்திலிருந்து துள்ளி எழுந்தான். "அடடா! எங்கள் பாட்டன் முப்பாட்டன் யாருக்கும் இது தோன்றவில்லையே!"

அவ்வளவுதான். அன்று விளக்கு வைத்ததும் அரண்மனை வாசலுக்கும் பொக்கிஷத்துக்கும் பூட்டு விழுந்தது. ஆள் நுழைய ஒரு திட்டிவாசல் மட்டும் மிச்சம். ஒரு செப்புக் காசுகூட வெளியே போகக் கூடாது என்று கட்டளை.

ஆவுடையப்பர் மன்றாடிப் பார்த்தார். ராஜா சிரித்தான். "மந்திரியாரே, மகாலட்சுமித் தாயாரே 'கதவைத் திற' என்று சொல்லட்டும், திறக்கிறேன். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை வரை உமக்குக் கெடு. அதற்குள் சொல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றித் தனகோபாலரிடம் கொடுத்துவிடும்."

தனகோபாலர் அப்போதே தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆவுடையப்பருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மோதிரம் போனால் போகட்டும், ஏரி போய்விடுமே என்று புலம்பினார். மூன்றாம் நாள் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பட்டரோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது முகத்தில் களை திரும்பியிருந்தது.

கடைசிச் சனிக்கிழமை மாலை பெருமாள் வீதியுலா வந்தார். வழக்கமாக அரண்மனையைக் கடந்து போகும் பல்லக்கு அன்று பூட்டிய வாசலுக்கு நேரே நின்றது. பட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டார்:

"உள்ளே யாரது? கதவைத் திறங்கள்! என் வீட்டுக்காரி இங்கே இருக்கிறாளாம்!"

ஊர் கொல்லென்று சிரித்தது. ராஜா மேல்மாடத்துக்கு ஓடிவந்தான். "பட்டரே, இதென்ன கூத்து?"

பக்கத்தில் நின்ற ஆவுடையப்பர் பணிவாகச் சொன்னார்: "பேசுவது பட்டர் இல்லை மகாராஜா, பெருமாள். பங்குனி ஊடல் உற்சவத்தில் தாயார் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே நின்று பெருமாளுக்காக இதே பட்டர்தான் பேசுவார்; உள்ளேயிருந்து தாயாருக்காக இன்னொருவர் பதில் சொல்வார். தாங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். பங்குனியில் பெருமாளாகப் பேசியவர் புரட்டாசியில் வெறும் பட்டராகிவிடுவாரா?"

கீழேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. "அடுத்தவன் பெண்டாட்டியைக் கொண்டுபோய் அடைத்து வைத்தவன் ஒருவனை எனக்கு முன்பே தெரியும். அவனுக்குப் பத்துத் தலை. உங்கள் ராஜாவுக்கு எத்தனை?"

ராஜாவின் கை தானாகத் தலைக்குப் போனது. இருந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஐயோ சுவாமி, யோசனை சொன்னது தனகோபாலர்!" என்று கத்தினான்.

"அப்படியானால் வழக்கப்படி தாயாருக்காகவும் அவரே பதில் சொல்லட்டும்," என்றார் ஆவுடையப்பர். "தாயார் உள்ளே இருப்பது அவருக்குத்தானே நிச்சயமாகத் தெரியும்?"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உள்ளூரப் பயம்தான். இந்த ஆள் ஏதாவது சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டால்?

தனகோபாலரைத் திட்டிவாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் தலையை வெளியே நீட்டினார். "தாயாருக்கு... தாயாருக்கு வர இஷ்டமில்லை..."

"புருஷங்கூடப் போகமாட்டேன்னு மகாலட்சுமியா சொல்லுவா? உன் நாக்கு அழுகிப் போகும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு மண் சுமக்கிற பெண் சீறினாள்.

"இல்லை இல்லை! தாயார் இங்கே இல்லவே இல்லை!"

"என்னது?" என்றான் ராஜா மேலேயிருந்து. "இல்லாதவளுக்கா இத்தனை பூட்டு?"

போகவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. கடைசியில் தனகோபாலர் முனகினார்: "கதவைத் திறங்கள்."

"யார் சொன்னது? உரக்கச் சொல்லும்."

"தாயார்தான், மகாராஜா."

கதவு திறந்தது. ராஜா வெறுங்காலோடு இறங்கி வந்து பல்லக்கின் முன் விழுந்து கும்பிட்டான். ஆவுடையப்பர் அவனைத் தூக்கிவிட்டார். "அவள் நம் வீட்டு விருந்தாளி, மகாராஜா. வந்தால் விளக்கேற்றிக் கொண்டாடலாம். ஆனால் அவள் புருஷனுக்கு உலகத்தைக் காக்கிற வேலை. ஏரிக்கரையில் அவருக்கு வேலை இருக்கும்போது அவளை நாம் பிடித்துவைக்கலாமா?"

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூலிக்குப் பொக்கிஷத்தைத் திறந்துவிட்டான். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டான். பிறகு தனகோபாலரைப் பார்த்தான். "கூலியைத் தினமும் உம் கையாலேயே கொடும். ஒவ்வொரு காசுக்கும் 'போய் வா, தாயே' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்."

முதல் நாள் தனகோபாலருக்கு 'போய்' வந்தது, 'வா' வரவில்லை. காசைப் பிடித்த விரல்கள் விடமாட்டேன் என்றன. வரிசையில் முதலில் நின்றவள் அன்று அவரை நாக்கு அழுகும் என்று திட்டிய அதே பெண். அவரை முறைத்துக்கொண்டே நின்றாள். ஒருவழியாக, "போய் வா, தாயே," என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு காசை விட்டார்.

அவள் அதை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வா தாயே," என்றாள். "உலையில தண்ணி கொதிக்குது. வீட்டுக்குப் போவோம்."