அந்தப் பக்கத்துக்காரன்

மலையடிவாரப் பட்டறை ஒன்றில் ஒருநாள், மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு இரண்டு புது பிரேக் பேட்களை மாட்டினார் காஜா மைதீன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நடுவில் டிஸ்க் மறைத்ததால் ஒன்றின் முகத்தை மற்றது பார்க்கவில்லை.

"புது பேட், சிஸ்டர். கொஞ்ச தூரம் மெதுவா மிதிச்சுப் பழக்குங்க," என்றார்.

"மேல மூணு ஊருக்குத் தடுப்பூசி போடணும் பாய். பதனமாப் போறேன்," என்று நர்ஸ் பிலோமினா வண்டியைக் கிளப்பினாள்.

பிரேக்கின் முதல் மிதியிலேயே இடப்பக்கத்துப் பேட் குழம்பிப்போனது. அது டிஸ்க்கைத் தள்ளத் தள்ள, அந்தப் பக்கமிருந்து யாரோ அதே வேகத்தில் திருப்பித் தள்ளினார்கள்.

"யார் அது?" என்று டிஸ்க்கிடம் கேட்டது.

"உன்னை மாதிரியே ஒருத்தன்."

"அப்புறம் ஏன் என்னை எதிர்க்கிறான்?"

"அவனும் இதையேதான் கேட்கிறான்."

மலை ஏறும்வரை யோசித்தும் அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனைத் தோற்கடிக்க வேண்டுமா? விட்டுக்கொடுத்தால் சண்டை தீருமா?

ஊசி போட்டு முடித்துப் பிலோமினா வண்டியில் மலை இறங்கினாள். ஒரு வளைவில், கைக்குழந்தையோடு ஒருத்தி கையை ஆட்டியபடி சாலைக்கே ஓடி வந்துவிட்டாள். கீழே சரளைக்கல், முன் பிரேக்கைப் பிடித்தால் வழுக்கும். பிலோமினா பின் பிரேக்கை மிதித்தாள்.

'இந்தத் தடவை அவனே ஜெயிக்கட்டும்' என்று இடப்பக்கத்துப் பேட் ஒதுங்கிக்கொண்டது.

வண்டி நிற்கவில்லை.

"எங்கே போனாய்?" அந்தப் பக்கத்துக் குரலை அது முதன்முதலாகக் கேட்டது. ஜெயித்தவன் குரலாக இல்லை, பதறிய குரல். "பிடி கிடைக்கவில்லையே! தள்ளு!"

ஒன்றும் புரியாமலேயே அது பாய்ந்து தள்ளியது. டிஸ்க் கிறீச்சிட்டது. குழந்தைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"சிஸ்டர், பாப்பாவுக்கு ஊசி விட்டுப்போச்சு!" என்றாள் அந்தத் தாய்.

"ஊசி இருக்கட்டும், முதல்ல ஓரமா வா!" என்று பிலோமினா வண்டியை ஓரங்கட்டினாள்.

மருந்துப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. இடப்பக்கத்துப் பேட் மெல்லக் கேட்டது: "இப்போது நாங்கள் செய்தது சண்டையா, கூட்டு வேலையா?"

"நடுவில் நின்ற எனக்கே தெரியவில்லை," என்றது டிஸ்க். "ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சூடுதான்."