கிண்ணத்தின் சூடு

மலையடிவாரத்து வைத்திய மடத்தில் நாச்சியாருக்கு இரண்டு சீடர்கள். மூத்தவன் சடையன். பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும் திராவகத்தைக்கூடக் கை நடுங்காமல் வடிப்பவன். இளையவன் உத்தண்டிக்கு முப்பது வயது. எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான். கழுதை, மூக்கடைத்த நோயாளி, வரி கேட்க வரும் மணியக்காரர். நாச்சியாரின் குரலும் அதில் உண்டு.

ஒருநாள் காலை சடையன் திராவகக் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கதவுக்குப் பின்னால் நின்ற உத்தண்டி நாச்சியாரின் குரலில் அதட்டினான்.

"சடையா! வேட்டி அவிழுது பாரு!"

சடையன் பதறிக் குனிந்தான். குப்பி சாய்ந்து முகத்தில் கொட்டியது.

உத்தண்டி ஓடினான். வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தாண்டி உள்ளறைக்கு ஓடினான். சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு வடித்த காரநீர் அங்கே இருந்தது. அதைக் கொண்டுவந்து சடையனின் கண்களில் ஊற்றினான்.

ஒன்பதாம் நாள் கண்கட்டை அவிழ்த்தார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

அன்று சாயங்காலம் உத்தண்டி நாச்சியாரின் முன்னால் வந்து உட்கார்ந்தான். கையில் திராவகக் குப்பி.

"ஒண்ணு கேக்கணும் அம்மா."

"கேளு."

"அண்ணன் கண்ணைப் பறிச்சது திராவகமா, நானா?"

"திராவகம் மேலே சுட்டது. உள்ளே இறங்கினது காரம்."

உத்தண்டி தலை குனிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"திராவகத்துக்குக் காரம்தானே மாத்து? நீங்கதானே காட்டினீங்க. சங்குப்பூத் தண்ணி திராவகத்துல செவந்துச்சு. காரத்துல பச்சையாச்சு. ரெண்டும் சமமாச் சேர்ந்ததும் பழையபடி நீலமாயிடுச்சே."

"காட்டினேன்."

"அப்ப இதுவும் சரிதானே." குப்பியின் மூடியைத் திறந்தான். "அண்ணன் கண்ணுக்கு என் கண்ணு. சமமாயிடும்."

நாச்சியார் குப்பியை வாங்கிக்கொண்டார். எழுந்து போய் ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்து வந்தார். சங்குப்பூத் தண்ணீர் கொஞ்சம், அதில் திராவகம். சிவந்தது. காரநீரைச் சிறுகச் சிறுக ஊற்றினார். கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டார். நிறம் தடுமாறி நின்றது.

"என்ன நிறம்?"

"நீலம்."

"திராவகம் மிச்சம் இருக்கா?"

"இல்லே."

"காரம்?"

"அதுவும் இல்லே. சமமாயிடுச்சு."

"கிண்ணத்தைக் கையில எடு."

எடுத்தான். அலறிக்கொண்டு கீழே போட்டான். கிண்ணம் உடைந்து, நீலத் தண்ணீர் ஆவி பறக்கத் தரையில் ஓடியது. விரல்கள் கன்றிப் போயிருந்தன.

நாச்சியார் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கணும். நான் நிறத்தை மட்டும் காட்டினேன்."

உள்ளேயிருந்து சடையனின் குரல் வந்தது.

"டேய் உத்தண்டி! என்னத்தைடா உடைச்சே?"

"கிண்ணம், அண்ணே."

"கத்தினது யாரு? நீயா, இல்லே யாரையாவது மாதிரி கத்திக் காட்டினியா?"

"நான்தான் அண்ணே."

"உன் சொந்தக் குரலை இப்பத்தான்டா கேக்கறேன். நல்லாவே இல்லே."

உத்தண்டியின் உதடுகள் கோணின. சத்தம் வரவில்லை.

"எலே, இருக்கியா போயிட்டியா? எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நாக்கு வறளுது, தண்ணி கொண்டா."

உத்தண்டி எழுந்திருக்கவில்லை.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர் முன்னால போவேன் அம்மா? என்னத்தைக் குடுத்து இதை நேர் பண்ணுவேன்?"

நாச்சியார் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் குடம் அன்னைக்கும் அங்கேயேதான் இருந்துச்சு."