கீழ்த் தாழ்ப்பாள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டுக் குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்துவந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கப்பட்டவை. அதற்குப் பிறகு இரண்டுக்கும் ஒற்றுமை என்று சொல்ல எதுவும் இல்லை.

மேல் தாழ்ப்பாளுக்கு ஓயாத வேலை. குளிக்க வருகிறவர்கள், முகம் கழுவ வருகிறவர்கள், சும்மா கைபேசியோடு வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் தேடினார்கள். விரல் பட்டுப் பட்டு அது பளபளவென்று இருந்தது. கீழ்த் தாழ்ப்பாளைக் குனிந்து போட யாருக்கும் முதுகு வளையவில்லை. அதன் குமிழ் மேலே தூக்கிக் காடியில் மாட்டிய நிலையிலேயே கிடந்தது. குளிக்கிற தண்ணீர் தெறித்துத் துரு ஏறியதுதான் அதற்குக் கிடைத்த வருமானம்.

"என்ன தம்பி, இன்னைக்கும் லீவா?" என்று மேல் தாழ்ப்பாள் காலையில் கேட்கும்.

"கூப்பிட்டா வருவேன்" என்று கீழ்த் தாழ்ப்பாள் சொல்லும்.

"உன்னை எதுக்கு வச்சிருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஜோடிக்கு."

அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழத் தொடங்கியபோது கீழ்த் தாழ்ப்பாளின் நிலைமை மாறியது. குழந்தையின் பெயர் செழியன். தரையிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் குமிழ் கண்ணுக்கு நேராக இருந்தது. அவன் அதை நோக்கிக் கையை நீட்டினான். அவன் அம்மா கோமதி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத! அதுக்குள்ள பூச்சாண்டி இருக்கான். விரலைப் பிடிச்சு உள்ள இழுத்துருவான்."

செழியன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம் போகும்போது சுவரை ஒட்டிப் போனான். சோறு உண்ண மறுத்தால் கோமதி, "இரு, கீழ்த் தாழ்ப்பாளைக் கூப்பிடுறேன்" என்பாள். உடனே வாய் திறக்கும். கீழ்த் தாழ்ப்பாள் தன் வாழ்நாளில் ஒரு கதவையும் பூட்டியதில்லை. ஆனால் ஒரு தட்டுச் சோற்றை உள்ளே இறக்கிவிட அதன் பெயர் போதுமானதாக இருந்தது.

"எனக்கு வேலைதான் இருக்கு" என்றது மேல் தாழ்ப்பாள். "உனக்குப் பதவியே இருக்கு."

கீழ்த் தாழ்ப்பாள் பதில் சொல்லவில்லை. பதவியில் இருப்பவர்கள் அதிகம் பேசக் கூடாது என்று அது எங்கோ கேட்டிருந்தது.

செழியனுக்கு மூன்று வயது முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோமதி அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் சங்கரபாண்டி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். செழியன் கால்சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறைக்குத் தனியாக வந்தான். இதற்கு முன் அவன் அங்கே தனியாக வந்ததில்லை. அவனோடு எப்போதும் யாராவது இருந்தார்கள். அவன் இருமினால்கூட பக்கத்தில் நின்று ஒருவர் முதுகைத் தடவினார்.

அவன் உள்ளே வந்து, கீழ்த் தாழ்ப்பாள் பக்கம் பார்க்காமல், இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளினான். கனத்த கதவு. டமாரென்று போய் நிலையில் மோதியது.

மோதிய வேகத்தில் கீழ்த் தாழ்ப்பாளின் குமிழ் காடியிலிருந்து நழுவியது. அந்த நேரத்தில் அது பிடித்துக்கொண்டிருக்கலாம். பிடித்துக்கொள்ளத் துரு இருந்தது. ஆனால் இத்தனை வருடம் சும்மா இருந்தவனுக்கு முதல்முறையாக யாரோ கதவைச் சாத்தி அழைத்ததுபோல் இருந்தது. அது நேராகக் கீழே இறங்கி, தரையில் தனக்கென்று வெட்டியிருந்த குழிக்குள் நின்றது.

"ஆகா" என்றது.

"அடப்பாவி, என்ன செஞ்ச?" என்றது மேல் தாழ்ப்பாள்.

"கதவைப் பூட்டினேன்."

"யார் சொன்னா?"

"கதவு சொல்லிச்சு."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றது கதவு. "என்னைத் தள்ளினாங்க, நான் போனேன்."

"சரி, எழுந்திரு" என்றது மேல் தாழ்ப்பாள்.

கீழ்த் தாழ்ப்பாள் எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. அதற்குத் தானாக விழத் தெரிந்திருந்தது. எழுவதற்கு ஒரு கை வேண்டும்.

செழியனுக்கு இதெல்லாம் தெரியாது. கக்கா போவதற்கென்று வாங்கிய தன் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவன் தன் வேலையில் இருந்தான்.

சத்தம் கேட்டுக் கோமதி வந்தாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

"செழி? உள்ளயா இருக்க?"

"நீ வராத."

"சேட்டை பண்ணாத. கதவைத் திற."

"வராதங்கேன்லா."

அவள் மறுபடி தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அதன் பிறகு அவள் குரல் மாறியது.

"என்னங்க! இங்க வாங்க! பிள்ளை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான்!"

சங்கரபாண்டி படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான். கூச்சல் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அண்ணாச்சியும் மூச்சிரைக்க ஏறி வந்தார். வந்தவர் முதலில் கதவைத் தடவிப் பார்த்தார்.

"தேக்கு" என்றார். "உடைச்சிராதிய."

"அண்ணாச்சி, உள்ள பிள்ளை இருக்கான்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். உடைச்சா அவன் மேலல்லா விழும்?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு.

உள்ளே நடப்பது தாழ்ப்பாள்களுக்கு மட்டும் தெரிந்தது. செழியன் வேலையை முடித்துவிட்டான். அடுத்து கழுவ வேண்டும். அதற்கு மக்கு வேண்டும். மக்கு, ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த நீல டிரம்முக்குள் மிதந்துகொண்டிருந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது.

"ஏறுறான்" என்றது கீழ்த் தாழ்ப்பாள். "ஏ வாளி, உருண்டு போ."

"என்னால கவிழ்ந்து கிடக்கத்தான் முடியும்" என்றது வாளி. "மேல யார் ஏறினாலும் தாங்குவேன். அதுதான் எனக்குத் தெரியும்."

"ஏ டிரம், நீயாவது ஏதாவது செய்."

"யார் வந்தாலும் உள்ள இடம் இருக்கு" என்றது டிரம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதன் குணம் அப்படி.

"மக்கு! ஓரத்துக்கு வா!"

மக்கு நடுவில் நின்று மெதுவாகச் சுற்றியது.

வெளியே கோமதி தரையில் படுத்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் கண்ணை வைத்தாள். ஈரத் தரை தெரிந்தது. சிவப்பு நாற்காலியின் கால்கள் தெரிந்தன. வாளியின் விளிம்பு தெரிந்தது.

"அவன் காலைக் காணோம்" என்றாள்.

"நல்லாப் பாரு."

"காலைக் காணோம்ங்க. தரையில எங்கயும் அவன் கால் இல்ல."

அண்ணாச்சி, "நான் கடப்பாரை எடுத்துட்டு வாரேன். கதவு போனா மயிராப் போச்சு" என்று படியிறங்கினார்.

கோமதி கத்தவில்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டுத் திரும்புவான் என்று அவளுக்குத் தோன்றியது. கையை இடுக்குக்குள் விட்டாள். விரல் முட்டிகள் வரைதான் போயிற்று. விரல்களால் தரையில் தாளம் போட்டாள்.

"செழி, கீழ பாரு. அம்மா விரல் உள்ள வந்துட்டு. பாரு, எப்படி ஆடுதுன்னு."

செழியன் வாளிமேல் நுனிக்காலில் நின்று, டிரம் விளிம்பில் வயிற்றை வைத்துச் சாய்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தான். கதவுக்கடியில் நான்கு விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. மக்கு எப்போதும் இருக்கிற மக்குதான். இது புதிது. அவன் வாளியிலிருந்து பின்பக்கமாக இறங்கி, வந்து உட்கார்ந்து, ஒரு விரலைப் பிடித்தான். முகர்ந்து பார்த்தான்.

"நாறுது."

"நெத்திலி, கண்ணு" என்றாள் கோமதி. அவள் நெற்றி தரையில் பதிந்திருந்தது. "கையை விட்டுராத. கீழ ஒரு குமிழ் இருக்கு பாரு. அதை இன்னொரு கையால பிடிச்சு மேல தூக்கு."

செழியன் தாழ்ப்பாளைப் பார்த்தான். அம்மாவின் விரலை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டான்.

"பூச்சாண்டி."

வெளியே சங்கரபாண்டி மெதுவாக, "நீதான் சொல்லி வச்ச" என்றான்.

"இப்ப இதுதான் பேச்சா?"

கடப்பாரையோடு திரும்பியிருந்த அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். "பூச்சாண்டி சாப்பிடப் போயிருக்கான்னு சொல்லும்மா."

கோமதி சொன்னாள். "செழி, பூச்சாண்டி இப்ப உள்ள இல்ல. சாப்பிடப் போயிட்டான்."

செழியன் யோசித்தான். "சாப்பிட்டுட்டு வருவான்" என்றான்.

அண்ணாச்சி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

உள்ளே செழியன் எழுந்துவிட்டான். மறுபடி வாளியைப் பார்த்தான். இடுக்கில் பாதங்கள் திரும்புவதைக் கோமதி பார்த்தாள்.

"செழி. பூச்சாண்டின்னு ஒருத்தன் கிடையாது."

பாதங்கள் நின்றன.

"அம்மா பொய் சொன்னேன். நீ அதைத் தொடக் கூடாதுன்னு பொய் சொன்னேன். அதுக்குள்ள யாரும் இல்ல. அது வெறும் இரும்பு."

"நெசமாவா?"

"நெசமா. வெறும் இரும்பு. அப்பா சைக்கிள் மாதிரி."

"போச்சா பதவி" என்றது மேல் தாழ்ப்பாள்.

கீழ்த் தாழ்ப்பாள் அதைக் கேட்டுக்கொண்டது. இரண்டு வருடத்துக்கும் மேலாக அது இந்த வீட்டில் யாரும் தொடத் துணியாத ஒன்றாக இருந்தது. இப்போது சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சைக்கிளை யாரும் தொடலாம், தூக்கலாம். பூச்சாண்டியை யாரும் தூக்கிவிட மாட்டார்கள். இவ்வளவையும் அது குழிக்குள் நின்றபடி யோசித்தது. யோசிக்க அதிக நேரம் இருக்கவில்லை. ஒரு சின்ன விரல் வந்து குமிழைத் தொட்டது. உடனே போய்விட்டது.

செழியன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது அவனிடமே இருந்தது.

இரண்டாவது முறை இரண்டு கைகளாலும் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு, முகம் சிவக்க, முக்கி இழுத்தான்.

"விடு" என்றது மேல் தாழ்ப்பாள். இந்த முறை கேலி இல்லை. "துருவை விடு."

கீழ்த் தாழ்ப்பாளிடம் இருந்த ஒரே சேமிப்பு அந்தத் துருதான். அது பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. குமிழ் ஒரு விரற்கடை உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"தள்ளி நில்லு கண்ணு, அப்பா திறக்கப் போறேன்" என்று சங்கரபாண்டி கதவை அங்குலம் அங்குலமாகத் தள்ளினான்.

கோமதி உள்ளே பாய்ந்து பிள்ளையின் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அடி வாங்கியவனும் அழுதான். "நான் கழுவணும், நான் கழுவணும்" என்று அழுகைக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தான். அது யார் காதிலும் விழவில்லை. கோமதியே கழுவிவிட்டாள். அண்ணாச்சி கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல் இல்ல" என்று சொல்லிக் கடப்பாரையோடு கிளம்பினார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சங்கரபாண்டி டிரம்மைக் காலி செய்து மாடிக்குக் கொண்டுபோனான். வாளியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். பிறகு திருப்புளியோடு உட்கார்ந்து, கீழ்த் தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். குளியலறைக்கு வெளியே நடையில் இருந்த துவைக்கும் இயந்திரத்தின் மேல் அதைப் போட்டான்.

கீழ்த் தாழ்ப்பாள் முதல்முறையாகக் கதவை வெளியிலிருந்து பார்த்தது. அதற்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் அதை அரித்தது. ஒருமுறைதான் பூட்டினோம், அதையும் தவறான நேரத்தில் பூட்டினோம். இனி இந்தப் பையன் சாத்துகிற கதவு யாராவது தள்ளினால் நிற்காது.

சாயங்காலம் செழியன் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடையில் வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். உள்ளே போனான். கதவு இந்தமுறை சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடும் ஓசை கேட்டது. அது கதவருகில் வந்து நின்றது.

கோமதி பின்னாலேயே வந்துவிட்டாள். கதவில் கை வைத்தாள்.

"வராத" என்றது உள்ளிருந்து குரல். மிகப் பக்கத்தில் கேட்டது. "நானே."

"மேலண்ணே" என்று கீழ்த் தாழ்ப்பாள் கூப்பிட்டது. "நீயா போட்டிருக்க?"

"இல்ல. எனக்கு எட்டுற கை உள்ள இல்ல."

"அப்ப கதவு எப்படி நிக்குது?"

மேல் தாழ்ப்பாள் குனிந்து பார்த்தது. "நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்திருக்கான். முதுகைச் சாய்ச்சிருக்கான். அவ்வளவுதான்."

"அவ்வளவு போதுமா?"

"எங்க போதும்? லேசா ஒரு தள்ளு தள்ளினா நாற்காலியோட நகர்ந்திருவான்."

கீழ்த் தாழ்ப்பாள் கோமதியின் கையைப் பார்த்தது.

கூடத்திலிருந்து சங்கரபாண்டி கேட்டான். "என்ன, மறுபடியும் உள்ள போயிட்டானா? தாழ்ப்பாளைத்தான் கழட்டியாச்சுல்லா. தள்ளு, திறந்துரும்."

"தெரியும்" என்றாள் கோமதி.

தள்ளவில்லை. விரல் முட்டியால் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"செழி, அம்மா உள்ள வரட்டா?"

உள்ளே நாற்காலி ஒருமுறை அசைந்தது. அவனிடம் இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இப்ப வேண்டாம்."

"சரி" என்று அவள் கையைக் கதவிலிருந்து எடுத்து, வேறென்ன செய்வதென்று தெரியாமல், நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.