மூழ்கிப்போன மரம்

காட்டோடையின் இக்கரையில் மரங்கொத்தி டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். அக்கரையில் மயில் வாத்தியாரின் பள்ளிக்கூடம் இருந்தது.

மயில் வாத்தியாரின் பிள்ளைகள் கத்திப் படிப்பது இக்கரை வரைக்கும் கேட்கும். "மரம் மிதக்கும்! கல் மூழ்கும்! மரம் மிதக்கும்! கல் மூழ்கும்!" அதைக் கேட்கும் பெற்றோருக்கெல்லாம் உச்சி குளிர்ந்துபோகும்.

மரங்கொத்தி டீச்சரின் வகுப்பில் பாதி நேரம் சத்தமே இருக்காது. வந்தாலும் "அட!" என்று வரும், இல்லையென்றால் "ஐயையோ!" என்று வரும். இதைக் கேட்டு எந்த அம்மாவுக்கு நிம்மதி இருக்கும்? கோடையில் ஓடை வற்றிக் கிடந்தபோதே ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அக்கரைக்கு மாற்றிவிட்டார்கள்.

கடைசியில் முயல்குட்டி பஞ்சுவும் தவளைக்குட்டி போண்டாவும்தான் மிஞ்சினார்கள். போண்டாவின் அம்மாவுக்குக் கணக்கில்லாத பிள்ளைகள். இவன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் டீச்சர் கேட்டாள்: "மரம் தண்ணியில மிதக்குமா?"

"மிதக்கும்!" என்றார்கள் இருவரும்.

"எல்லா மரமுமா?"

"நீங்களே சொல்லுங்க டீச்சர்!" என்றான் போண்டா.

"எனக்கும் தெரியாதுடா! கொத்திப் பாத்திருக்கேன், தண்ணியில போட்டுப் பாத்ததில்லை. ஆளுக்குக் கொஞ்சம் குச்சி பொறுக்கிட்டு வாங்க, பாத்துடுவோம்!"

குட்டையில் முருங்கைக் குச்சி மிதந்தது. வேப்பங்குச்சி மிதந்தது. மூங்கில் துண்டு துள்ளிக்கொண்டு மிதந்தது. பஞ்சு கொண்டுவந்த கன்னங்கறுத்த கருங்காலித் துண்டு மட்டும் நேரே அடிக்குப் போய்விட்டது.

"அட!" என்றாள் டீச்சர்.

"தலைகீழா போட்டுட்டான் டீச்சர்!" என்றான் போண்டா. திருப்பிப் போட்டார்கள். மூழ்கியது. "சின்னத் துண்டுங்கறதால மூழ்குதோ?" என்றான் பஞ்சு. பெரிய துண்டைத் தேடிப் போட்டார்கள். அதுவும் மூழ்கியது. பஞ்சுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காது இரண்டும் ஆட வீட்டுக்கு ஓடினான்.

"அம்மா! அம்மா! மரம் மூழ்குதும்மா!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கரையில பால்குடி மறக்காத குட்டிகூட மரம் மிதக்கும்னு சொல்லுது! நீ மூழ்குதுங்கறியா? மேலெல்லாம் சேறு வேற! இனிமே அந்த டீச்சர் வேண்டாம். நாளைக்கே உன்னை மயில் வாத்தியார்கிட்ட சேக்கிறேன்!"

"நான் போகமாட்டேம்மா!" என்று பஞ்சு அழுது பார்த்தான். அம்மா மசியவில்லை.

மறுநாள் ஓடையில் மழைவெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது. புது மாணவன் வருகிறான் என்றதும் மயில் வாத்தியார் தாமே பறந்து வந்தார். வழவழவென்று பட்டை உரிந்த ஒரு கறுப்புக் கட்டையைக் குரங்குகளை விட்டு உருட்டிவரச் செய்திருந்தார்.

"இதன்மேல் ஏறி அமரட்டும் குழந்தை! குரங்குகள் கொடியைக் கட்டி இழுத்து அக்கரை சேர்த்துவிடும்!" என்றார்.

வழியனுப்ப மரங்கொத்தி டீச்சரும் வந்திருந்தாள். பஞ்சு போய்விட்டால் வகுப்பில் போண்டா ஒருவன்தான். ஒரு கிளையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு கட்டையருகில் போனான். முகர்ந்தான். பின்வாங்கினான்.

"அம்மா, இது அந்த மரம் மாதிரியே இருக்கும்மா!"

"ஏறுடா! பெரியவங்க சொல்றப்ப குறுக்கே பேசாதே!"

"மரம் மிதக்கும்!" என்றார் மயில் வாத்தியார், தோகையைச் சிலிர்த்துக்கொண்டு. "முதல் பாடமே அதுதான்!"

பஞ்சு ஏறவில்லை. கட்டையின் நுனியைக் கடித்தான். பல் கூசியது. விடாமல் கடித்து ஒரு சில்லைப் பெயர்த்தான். காலடியில் தேங்கிநின்ற மழைநீரில் அதைப் போட்டான்.

சில்லு மூழ்கியது.

அம்மா குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள் கைவிட்டு எடுத்து, தானே இன்னொருமுறை போட்டாள். மறுபடியும் மூழ்கியது. பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சில்லு மூழ்கலாம்! கட்டை மூழ்காது!" என்று மயில் வாத்தியார் கத்தினார். "தள்ளுங்கள் ஓடையில்!"

குரங்குகள் தள்ளின. மேலே யாரும் இல்லாத அந்தக் கட்டை தண்ணீரைத் தொட்டதும் குபுக்கென்று உள்ளே போனது. கொஞ்சம் குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அம்மா மரங்கொத்தி டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பஞ்சுவை நாளைக்கு அனுப்பட்டுமா?"

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே விடுங்க!" என்றாள் டீச்சர். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மயில் வாத்தியார் மட்டும் கரையோரம் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தோகை தொங்கிப்போயிருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "கறுப்பாக இருப்பதால் மூழ்குகிறதோ?"

அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி அது.

மரங்கொத்தி டீச்சர் கிளையிலிருந்து இறங்கி வந்தாள். "எனக்கும் தெரியாது வாத்தியாரே! அதோ, காட்டுத்தீயில கருகின கட்டை ஒண்ணு கிடக்குது. அதுவும் கறுப்புத்தான். வாங்க, போட்டுப் பாத்துடலாம்!"

பஞ்சுவும் போண்டாவும் முன்னால் ஓடினார்கள். அம்மா பின்னால் ஓடினாள். எல்லாருக்கும் பின்னால், தோகை சேற்றில் புரள்வதைக்கூடக் கவனிக்காமல், மயில் வாத்தியார் ஓடினார்.

கேட்டதை ஒப்பிப்பது படிப்பாகாது. செய்து பார்த்துத் தெரிந்துகொள்வதே படிப்பு.