கட்டியக்காரர் பாட்டுக்கு அர்த்தம்

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது இப்போதைக்கு வராது, அதனால் பல்லை உள்ளே வைத்துக்கொண்டு கேளுங்கள். அவசரப்பட்டுச் சிரித்துத் தீர்த்துவிட்டால் அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வெண்காட்டு நாட்டு ராஜா செண்பகராயர். அவருடைய மீசைக்கு மட்டும் தனியாக ஒரு வேலைக்காரர் உண்டு. ராஜா சபைக்குள் நுழையும்போது கட்டியக்காரர் பொன்னுரங்கம் கோலைத் தட்டி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடுவார்:

"ஜம்பர கோலக மாகட தூம், பிளிரா பிளிரா தந்தகடூம்."

"பிளிரா" வரும்போது சபை மொத்தமும் குனியும். ராஜா மீசையைத் தடவுவார். அர்த்தம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே. பொன்னுரங்கத்துக்கே தெரியாது. அவர் அப்பா பாடினார், அவரும் பாடுகிறார்.

அன்றைக்குச் சபையில் ஒரு வழக்கு. ராஜ்யத்தின் ஓரத்துச் சதுப்பு நிலத்தில் வாத்து மேய்க்கிற துடுவர்கள் என்று ஒரு நாற்பது பேர். அவர்கள் மொழி துடுவம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாத்தியார். வாத்தியாருக்கு அரிசி அரண்மனையிலிருந்து போகிறது. அதை நிறுத்தச் சொல்கிறார் மந்திரி தாண்டவமூர்த்தி. மூக்காலேயே பேசுகிறவர்.

"அரசேஏஏ, மொழி என்ன கோயில் யானையா, கட்டிப்போட்டுத் தீனி போட? தானாக வாழ்ந்தால் வாழட்டும். செத்தால் ஒரு மாலை போடுவோம்."

துடுவர் தலைவி கெம்பி நடுச்சபையில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உங்க பேச்சுக்குப் படை இருக்கு, கோட்டை இருக்கு, அதட்டல் இருக்கு. எங்களுது மட்டும் தானா வாழணுமா? எம்புள்ளைங்க உங்க பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னா நான் திட்டுறதே அதுங்களுக்குப் புரியாது. திட்டாம எப்படிச் சாமி புள்ள வளக்குறது?"

ராஜா கொட்டாவி விட்டார். கொட்டாவி முடிந்ததும் தலையாட்டுவார், தலையாட்டினால் பள்ளிக்கூடம் போச்சு. விகடகவி உலகளந்தானுக்கு அது நன்றாகத் தெரியும். ஆள் பெயருக்குத்தான் உலகளந்தான், நின்றால் மந்திரியின் முழங்கைக்கு வருவான். அவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"என்னடா சிரிப்பு?" என்றார் ராஜா.

"வேண்டாம் அரசே."

"சொல்."

"சொன்னால் தலை போகும்."

"சொல்லாவிட்டாலும் போகும்."

"அப்படியென்றால் சொல்லிவிடுகிறேன். நம் கட்டியக்காரர் பாடுவது துடுவம், அரசே."

துடுவத்தில் உலகளந்தானுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. இருந்தாலும் கண்ணை மூடி, பொன்னுரங்கத்தின் குரலிலேயே மொழிபெயர்த்தான்: "வாத்துக்குப் பிறந்த வழுக்கைத் தலையா, குனியடா குனியடா கொக்குக் காலா."

இங்கேயும் சிரிக்காதீர்கள். அந்த இடம் இது இல்லை.

ராஜா கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குக் கீழே வழுக்கைதான்.

"பெண்ணே, இது நிஜமா?"

கெம்பி உலகளந்தானைப் பார்த்தாள். பிறகு துடுவத்தில் நீளமாக, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள்.

"நிஜம்தானாம்," என்றான் உலகளந்தான். "நான் மரியாதைக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொன்னேனாம்."

மந்திரி குதித்தார். "அரசேஏஏ, பாட்டை நிறுத்திவிடுவோம்."

"நிறுத்தினால் அர்த்தத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் மந்திரியாரே."

"நீ புளுகுகிறாய்."

"இருக்கலாம். துடுவம் தெரிந்த ஒருவர் எழுந்து மறுக்கட்டும்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை.

"மறுக்க இன்றைக்கும் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் என்றைக்கும் இல்லை. அப்புறம் நான் சொன்னதுதான் அர்த்தம். அரசரின் பேரன் காலத்திலும் அவர் வாத்துக்குப் பிறந்தவர்தான்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டார். "பள்ளிக்கூடத்தை மூடினால் மூடியவன் தலை போகும். வாத்தியாருக்கு அரிசி இரட்டிப்பு. உங்களில் யாரையும் நான் நம்பவில்லை, நானே கற்றுக்கொள்கிறேன். மந்திரியும் வருவார்."

"நானாஆஆ?"

வெளியே வந்ததும் உலகளந்தான் மெதுவாகக் கேட்டான்: "கெம்பியம்மா, உள்ளே அவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?"

"மீசை ஒரு பக்கம் தூக்கிட்டிருக்கு, அதைச் சரி பண்ணச் சொல்லுங்கன்னேன்."

பாடம் ஆரம்பமாயிற்று. ராஜாவும் மந்திரியும் துடுவக் குழந்தைகளோடு கோரைப்பாயில் உட்கார்ந்தார்கள். துடுவத்தைக் கொஞ்சம் மூக்கால்தான் பேச வேண்டும். மந்திரிக்கு அது பிறவியிலேயே அமைந்திருந்ததால் வகுப்பில் அவர்தான் முதல். ராஜாவுக்குப் பொறாமையில் தூக்கம் வரவில்லை, ராணியிடம் துடுவத்தில் தண்ணீர் கேட்டார். வாத்தின் நடைக்கு மட்டும் துடுவத்தில் ஒரு கூடைச் சொற்கள். வயிறு நிறைந்த வாத்து நடப்பதற்கு ஒன்று, திருடித் தின்ற வாத்து நடப்பதற்கு வேறொன்று. சேனாதிபதி சபைக்குள் வரும்போது ராஜா அதில் ஒரு சொல்லை முணுமுணுப்பார், மந்திரி வாயைப் பொத்திக்கொள்வார். சேனாதிபதி ரோஷப்பட்டு மறுநாளே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு காலையில் ராஜா சபைக்குள் நுழைந்தார். பொன்னுரங்கம் வழக்கம்போலக் கோலைத் தட்டினார்.

"ஜம்பர கோலக மாகட தூம்..."

சபை குனியத் தயாரானது. மீசைக்குப் போன ராஜாவின் கை பாதியில் நின்றது. "இன்னொரு முறை பாடும்," என்றார். பொன்னுரங்கம் பாடினார். "மெதுவாக." மெதுவாகப் பாடினார். ராஜா ஒவ்வொரு சொல்லாக உதட்டுக்குள் போட்டு மென்று பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். மந்திரி உதட்டைப் பிதுக்கினார்.

உலகளந்தான் தூணுக்குப் பின்னால் நகர ஆரம்பித்தான்.

ராஜா அந்தத் தூணை நோக்கி மெல்லத் திரும்பினார். "அடே உலகளந்தா, இதில் ஒரு சொல்கூடத் துடுவம் இல்லையே," என்றார்.

சொன்னது துடுவத்தில்.