திகில் படத்தில் இசை நின்றுபோவது ஏன்

காட்டில் இருந்த எல்லா உயிரும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்து மருதமரம் ஒன்றில் ஓயாள் என்றொரு சிள்வண்டு இருந்தாள். விடிந்ததும் பாட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை விடமாட்டாள். அவள் முதல் குரல் கொடுக்க, காட்டுச் சிள்வண்டுகள் அத்தனையும் கூடச் சேர்ந்துகொள்ளும். பாட்டை நடுவில் நிறுத்தினால் உயிர் போய்விடும் என்பது அவர்கள் குலத்து நம்பிக்கை. யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

ஒருநாள் விடியும் நேரம். அவள் இன்னும் பாடத் தொடங்கவில்லை. மருளி என்ற பெண்மான் மரத்தடியில் வந்து நின்றாள்.

"நேற்று சிறுத்தை என் மூத்த குட்டியைக் கொண்டுபோய்விட்டது. நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். சருகில் அது நடந்து வந்தது கேட்கவில்லை. உன் பாட்டுதான் கேட்டது."

ஓயாள், "இனிமேல் அது வந்தால் நான் கத்திச் சொல்கிறேன்" என்றாள்.

"நீ எப்போதும்தான் கத்துகிறாய். அதில் எதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வது?" மருளி கோபமில்லாமல்தான் கேட்டாள். அதுதான் ஓயாளைச் சுட்டது.

அன்று உச்சிப்பொழுதில் மான்கூட்டம் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லுக்குள் மஞ்சள் தோல் அசைவதை ஓயாள் மேலிருந்து பார்த்தாள். குரலை உயர்த்திக் கத்தினாள். அவளோடு மற்றவையும் உயர்த்தின. ஒரு மான்கூடத் தலை நிமிரவில்லை.

சிறுத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. "அப்படித்தான், நன்றாகப் பாடு. உன் பாட்டு இருக்கும்வரை எனக்குப் பட்டினி இல்லை."

ஓயாள் கீழே பார்த்தாள். ஓடையில் மருளி, மிச்சமிருந்த ஒரே குட்டியோடு குனிந்திருந்தாள். சிறுத்தை பின்னங்கால்களை மடக்கிப் பதுங்கியது.

செத்தாலும் சரி என்று ஓயாள் வயிற்றை இறுக்கிக்கொண்டு பாட்டை நிறுத்தினாள்.

அவள் நிறுத்தியதும் பக்கத்து மரம் அடங்கியது. அதற்கடுத்த மரமும் அடங்கியது. ஒரு மூச்சு விடுவதற்குள் காடு முழுக்க ஓசை அற்றுப்போனது. அப்படியொரு அமைதியை அங்கே யாரும் கேட்டதில்லை. மான்கள் ஒன்றாகத் தலை தூக்கின. என்னவென்று தெரியவில்லை, ஏதோ வருகிறது என்று மட்டும் ஒவ்வொன்றின் முதுகும் சிலிர்த்தது. சிறுத்தையின் காலடியில் ஒரு சருகு நொறுங்கியது. மறுகணம் ஓடைக்கரையில் ஒரு மானும் இல்லை.

ஓயாள் கண்ணை மூடிச் சாவுக்குக் காத்திருந்தாள். சாவு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருளிதான் வந்தாள், குட்டியையும் கூட்டிக்கொண்டு.

"இத்தனை நாள் நீ பாடியதில் இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை" என்றாள்.

ஓயாள் சிறகை விரித்து மறுபடி குரலெடுத்தாள். அது மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டதாம்.

காட்டு வழியில் நடந்த மனிதர்கள் அந்த அமைதியின் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் பின்னாளில் திகில் படம் எடுத்தார்கள். சிள்வண்டுகளைக் கேளுங்கள், நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்: அன்று முதல்தான் பதுங்கி வருபவனைக் கண்டால் காடு வாயடைக்கிறது, கொலைகாரன் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது படத்தில் இசை நிற்கிறது, தியேட்டரில் இருக்கும் அத்தனை பேரும் அந்த மான்களைப்போல ஒன்றாகத் தலை நிமிர்கிறார்கள்.